கவனிக்கலைங்க

எங்கள் வீட்டு மாடியில் மூன்று வருஷம் குடியிருந்த பெண்ணை நினைத்தால் முதலில் எனக்கு இரண்டு சேலைகள் ஞாபகம் வருகின்றன. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு அரக்கில் ஒன்று, பச்சையில் ஒன்று என்று எடுத்து வந்திருந்தேன். எதைக் கட்டுவது என்று தெரியாமல் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். முந்தானையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு, "ரெண்டும் சேலைதாங்கக்கா" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கொடியில் துணி கிடக்கிறது என்று சொல்லி மாடியேறிவிட்டாள்.

எல்லாவற்றிலும் அப்படித்தான். டீயில் சர்க்கரை போதுமா என்றால் போட்டது இருக்கட்டும் என்பாள். புதுப்படம் எப்படி என்றால் இரண்டே கால் மணி நேரம் ஓடுகிறது என்பாள். தேர்தல் நேரத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் வந்து நோட்டீஸ் கொடுத்தார்கள். இரண்டையும் வாங்கி ஒரே அளவில் மடித்து மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனாள். யாருக்குப் போடப்போகிறாய் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் படியில் அவள் கால் வேகமாக ஏறும் சத்தம் மட்டும்தான் பதிலாக வரும்.

மங்களூர் பக்கத்துப் பெண். திட்டக்குடிக்கு அந்தண்டை இருக்கும் மங்களூர். அப்பா மக்காச்சோளம் போடுகிறவர். இவள் இன்ஜினியரிங் படித்துவிட்டு சென்னையில் ஏதோ கம்பெனியில் சேர்ந்து, கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொன்னதும் திரும்பி வந்திருக்கிறாள். ஊரில் நெட் லைன் சரியில்லை, தனி அறையும் இல்லை என்று எங்கள் மாடிக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். என்ன வேலை என்று கேட்டதற்கு, "ஆன்லைன்ல கம்ப்யூட்டர் வேலைங்க" என்றாள். அறைக்குள் யாரும் வரக்கூடாது, கம்பெனி விதி என்றாள். ஜன்னலுக்குக் கனமான ஒரு போர்வையை ஆணியடித்து மாட்டியிருந்தாள். காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கும். வெளியே வந்ததும் ஈரத் துண்டை எடுத்துக் கண்மேல் போட்டுக்கொண்டு மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். கண்ணுக்கு அதிக வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு நேர் எதிர் என் கணவர். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை செய்யும் யூனிட்டில் சூளை ஏற்றுகிற வேலை அவருக்கு. வேலை முடிந்து வந்தால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரசாங்கம், கோர்ட்டு, மின்சார வாரியம் என்று ஒன்று பாக்கியில்லாமல் கருத்துச் சொல்லுவார். கேட்க ஆள் இல்லாவிட்டால் போனை எடுத்து நேரலையில் பேசுவார். அந்த நேரலையை நடத்துகிற கம்பெனியையே அந்த நேரலையில் திட்டுவார். "தெருமுனையில ஒரு மைக்கு கட்டிப் பேசணும்னா நாம போலீசுகிட்ட பர்மிஷன் வாங்கணும். நாட்டுல இருக்கற அத்தனை மைக்கையும் இவனுங்க வச்சிருக்கானுங்க. இவனுங்க யார்கிட்ட பர்மிஷன் வாங்குனானுங்க?" என்பது அவர் அடிக்கடி கேட்கும் கேள்வி. அப்போது மாடிப் பெண் குடத்தோடு குறுக்கே போக நேர்ந்தால், "நீ படிச்ச பொண்ணு, நான் சொல்றது சரியா தப்பா?" என்பார். அவள் நின்று, யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "நான் கவனிக்கலைங்க அண்ணே" என்பாள்.

அதுதான் அவளுடைய வார்த்தை. வீட்டில் நாங்கள் அவளைக் கிண்டலாகவே கவனிக்கலைங்க என்று சொல்லத் தொடங்கியிருந்தோம்.

மாசி மகத்தின்போது நடந்த ஒன்று எனக்குப் பிடிக்காமல் போனது. கோயில் பக்கம் நானும் அவளும் பூ வாங்க நின்றிருந்தோம். எதிரில் ஒரு கட்சி ஃப்ளெக்ஸ். எங்களுக்குப் பத்தடி தூரத்தில் ஒருத்தன் வந்து, இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, ஃப்ளெக்ஸில் இருந்த முகத்தை மேலிருந்து கீழாகக் கிழித்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டான். நான் பூக்காரியிடம் பேசிக்கொண்டிருந்ததால் அவன் முதுகைத்தான் பார்த்தேன். அவள் முகம் அவனுக்கு நேராக இருந்தது. ஏட்டு வந்து விசாரித்தபோது அவள் அதே வார்த்தையைச் சொன்னாள். பிறகு சம்பந்தமே இல்லாத வேறு ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழியில் நான் கேட்டேவிட்டேன்: உன் கண்ணுக்கு நேராகத்தானே நடந்தது? "அக்கா, பஸ்ஸு வருது, ஓரமா வாங்க" என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. இவ்வளவு படித்தும் ஒரு வாய்வார்த்தைக்கு உதவாத பெண் என்று அன்றைக்கு நினைத்தேன். அதை என் கணவரிடமும் சொன்னேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பஸ்ஸில் யாராவது போனில் சத்தமாக வீடியோ பார்த்தால் அவளால் இருக்க முடியாது. ஊருக்குப் போகும்போது நடுவழியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றதாக அவள் அப்பா ஒருமுறை வருத்தப்பட்டுச் சொன்னார். காது ரொம்ப மென்மை போல என்றார் அவர். நானும் ஆமாம் என்றேன்.

அஞ்சலையின் கை போனது அதற்கு அடுத்த ஆடியில்.

அஞ்சலை கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வேலைக்கு வருகிறவள். என் கணவரின் யூனிட்டுக்கு அடுத்த யூனிட்டில் ஃப்யூஸ் கட்டை செய்கிறார்கள். எட்டுப் பேர் வேலை செய்யும் சின்ன இடம். அங்கே மண் பிசையும் மெஷினுக்கு மண்ணைத் தள்ளிவிடுவது அவள் வேலை. மெஷின் வாய்க்கு மேல் ஓர் இரும்பு மூடி இருக்க வேண்டும், கை உள்ளே போகாமலிருக்க. அன்று மத்தியானம் என் கணவர் பேட்டை வாசலில் நின்று, குடிதண்ணீர்க் குழாய் மூன்று மாதமாக வரவில்லை என்று நேரலையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளேயிருந்து கூச்சல் கேட்டதும் கையில் போனோடு அப்படியே ஓடியிருக்கிறார். போன் ஓடிக்கொண்டிருப்பதே அவருக்கு நினைவில்லை. மெஷினை நிறுத்தி, தன் கைலியைக் கிழித்துக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் பையிலிருந்த போனைப் பார்த்திருக்கிறார். அவர் கணக்கில் எல்லாம் பதிவாகிக் கிடந்தது. அவரால் அதைப் போட்டுப் பார்க்க முடியவில்லை. அதன் கீழே இந்த யூனிட்டில் தொழிலாளிக்குப் பாதுகாப்பு இல்லை, அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வலது கையில் நான்கு விரல் போய்விட்டது.

மறுநாள் காலையில் அந்த வீடியோவும் இல்லை, அவர் கணக்கும் திறக்கவில்லை. விதிமுறைகளை மீறியதால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி வந்திருந்தது. அந்தக் கம்பெனியில் குறைதீர்ப்பு அதிகாரி என்று சட்டப்படி ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு நானே மனு எழுதி அனுப்பினேன். கோர்ட்டுக்கு எதிரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். மனு எழுதுவது எனக்குப் புதிதில்லை. நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. அடுத்த மனுவுக்கும் அதே வாசகம்.

என் கணவர் ஒரு வாரம் வாசலில் உட்கார்ந்து கத்தினார். "மனுசன் ஒருத்தன் பாத்திருந்தா எடுத்திருப்பானா? கம்ப்யூட்டரு எடுத்திருக்குது. கம்ப்யூட்டருக்கு கையி இருக்குதா, வெரலு இருக்குதா?" அப்போது மாடிப் பெண் கீழ்ப்படியில் உட்கார்ந்து எனக்காகச் சட்னிக்கு மல்லாட்டைக் கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. மல்லாட்டைத் தோலை மட்டும் நுணுக்கிக்கொண்டே இருந்தாள்.

புரட்டாசியில் அவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாளாகக் கீழே தண்ணீர் பிடிக்க வரவில்லை. மத்தியானம் ரசம் சோறு எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவு தாழ்ப்பாள் போடாமல் இருந்தது. தட்டினேன், பதில் இல்லை. திறந்தேன்.

அவள் மேஜைமேல் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். எதிரில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வீடியோ. என்ன வீடியோ என்று இங்கே எழுத மாட்டேன். ஒரு குழந்தை அதில் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அது முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. பக்கத்தில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. கீழே இரண்டு பட்டன்கள். என் கையிலிருந்த தட்டு நழுவி விழுந்து ரசம் காலில் கொட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். முதலில் ஒரு பட்டனை அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரின் மூடியைச் சாத்தினாள். "அக்கா, நீங்க எதையும் பாக்கலை. பாத்ததா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் கையெழுத்து போட்டிருக்கேன்" என்றாள்.

அன்றைக்குத்தான் சொன்னாள். தமிழில் ஜனங்கள் போடுகிற வீடியோ, எழுத்து, படம் என்று யாராவது புகார் செய்தாலோ, கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்தாலோ அதெல்லாம் அவளைப்போல் இருக்கிறவர்களிடம் வருமாம். இருக்கட்டும், எடுத்துவிடு என்று இரண்டில் ஒன்றை நொடிக்கணக்கில் முடிவு செய்ய வேண்டும். அவளுக்குச் சம்பளம் தருவது வேறு ஒரு கம்பெனி. அது இன்னொரு கம்பெனிக்கு வேலை எடுத்துச் செய்கிறது. அதற்கும் மேலே இருக்கிற பெரிய கம்பெனியின் பெயரை அவள் வாயால் சொல்லவே கூடாது.

கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினாள். இங்கிலீஷில் பதினோரு பக்கம். பத்தொன்பது வருஷமாக நான் ஒப்பந்தங்களை டைப் அடிக்கிறேன். அப்படி ஒன்றை அடித்ததில்லை. வேலையில் பார்ப்பதைப் பெற்றோரிடம் சொல்லக்கூடாது, கணவரிடம் சொல்லக்கூடாது, வைத்தியரிடமும் சொல்லக்கூடாது என்று இருந்தது. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

"கட்சிக்காரங்க பேச்செல்லாம்கூட உன்கிட்டதான் வருதா?" என்று கேட்டேன்.

"சின்ன ஆளுங்களோடது வரும். பெரிய ஆளுங்களோடது வராதுங்கக்கா. தப்பா வந்துட்டா ஒரு நிமிசத்துல எங்ககிட்டேர்ந்து வாங்கிடுவாங்க. அதைப் பாக்கறதுக்கு வேற இடம் இருக்குது."

பிறகு அவளே சொன்னாள்: "நாள் பூரா நான் முடிவு சொல்லணும். ஆனா என் அபிப்பிராயம் அதுல இருக்கக் கூடாது. இருந்தா மார்க்கு கொறையும். வேலை முடிஞ்சி கீழ வந்தா நீங்க எந்தச் சேலை நல்லாருக்குன்னு கேக்குறீங்க. எனக்கு எங்கேர்ந்து எடுத்துச் சொல்றதுன்னே தெரியலைங்கக்கா."

நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்தக் கை அப்படியே நின்றது. அதுவரை தோன்றாத ஒன்று அப்போதுதான் தோன்றியது.

"அவரு போட்டது?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "என்கிட்டதாங்கக்கா வந்துச்சி. நான்தான் எடுத்தேன்."

ரத்தம் தெரிந்தால் எடுக்க வேண்டும், வெட்டுப்பட்ட உறுப்பு தெரிந்தால் எடுக்க வேண்டும். பொதுநலனுக்காக என்றால் விடலாம். ஆனால் அதற்கு அவர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். "விருத்தாசலத்துல ஒரு அம்மாவோட வெரலு அந்தப் பட்டியல்ல வரலைங்கக்கா" என்றாள். குரலைக் கேட்டதுமே என் கணவர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். ஒரு தடவை பார்த்தால் போதும் என்பது விதி. அவள் ஆறு தடவை பார்த்திருக்கிறாள். ஆறாவது தடவை பார்த்துவிட்டு எடுத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் மார்க்கு நூற்றுக்கு நூறு.

நான் எழுந்து கீழே வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு அனுப்பவில்லை. காய்ச்சலில் கிடக்கிறாள் என்று தெரிந்தும் அனுப்பவில்லை. என் கணவரிடமும் சொல்லவில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திட்டும்போதெல்லாம் என் தலைக்கு மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்.

அஞ்சலை நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனு கடலூரில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரணைக்கு வந்தது. எங்கள் வக்கீல் சார்தான் அவளுக்கு ஆஜரானார். யூனிட் முதலாளி தரப்பில் ஒரு போட்டோவைக் கொடுத்தார்கள். அதில் மெஷின் வாய்க்கு மேல் மூடி இருந்தது, புதுப் பெயிண்ட்டோடு. மூடி எப்போதும் போட்டுத்தான் இருந்தது, அன்று காலையில் அஞ்சலைதான் வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று வேண்டுமென்றே கழற்றினாள், பாதுகாப்பைத் தானே கழற்றியவளுக்கு நஷ்டஈடு கிடையாது என்பது அவர்கள் வாதம். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருக்கிறது. கூட வேலை செய்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. என் கணவரைக் கேட்டால், அவர் ரத்தத்தையும் சுவிட்சையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவர் அரசியல் பேசுகிற ஆள், முதலாளிமேல் காழ்ப்பு என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லிவிட்டார். நேரலையைப் பார்த்த பத்திருபது பேரையும் தேடிக் கேட்டோம். ரத்தம் தெரிந்ததும் தள்ளிவிட்டோம் என்றார்கள். வீடியோவைக் கேட்டுப் பெரிய கம்பெனிக்கு அனுப்பிய கடிதத்துக்கு, நீக்கப்பட்டவை குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு எங்களிடம் இருக்காது என்று பதில் வந்தது.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அஞ்சலை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, முந்தானையால் மூடிய வலது கையில் இல்லாத விரல்களை இடது கையால் சொறிந்துகொண்டே வந்தாள். அங்கேதான் அரிக்கிறது என்றாள்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார், மாடிக்குப் பாய்வார் என்று பயந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு மாலைதான். பிறகு எழுந்து போய் மாடிப்படி அடியில் நின்று கூப்பிட்டார். அவள் பாதிப் படி இறங்கி நின்றாள். நான் சொல்லிவிட்டேன் என்பது அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த வீடியோவுல மூடி தெரிஞ்சிதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரிஞ்சிது அண்ணே. செவுத்தோரமா சாஞ்சி நின்னுது. நீங்க சுவிட்சுகிட்ட ஓடும்போது ரெண்டு தடவை வருது. அது உள்பக்கத்துல கொளவி கூடு கட்டியிருந்துச்சி. மூணு கூடு. ஒண்ணு ஓட்டையாயி, காஞ்சி போன பழைய கூடு."

என் கணவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று காலையில் கழற்றிய மூடியில் குளவி எப்படிக் கூடு கட்டும், கட்டிய கூடு எப்படிப் பழசாகும்?

வக்கீல் சார் அவளிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். தொலைந்துபோன ஆவணத்தில் என்ன இருந்தது என்று அதைக் கண்ணால் பார்த்தவர் சாட்சி சொல்லலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் எங்கே, எப்படிப் பார்த்தாய் என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் வேலை போகும், வழக்கும் வரலாம். அவள் தெரியும் என்றாள். யோசித்துச் சொல்லம்மா என்றார். யோசித்துவிட்டேன் என்றாள்.

அன்றைக்குக் கடலூர் போகும் பஸ்ஸில் ஒருவர் சத்தமாக வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நடுவில் இறங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

விசாரித்த அதிகாரி ஒரு பெண். மாடிப் பெண் எழுந்து நின்று, பெயர், ஊர் சொல்லி, என்ன வேலை என்பதைச் சொன்னாள். மூடி எங்கே இருந்தது, கூடு எங்கே இருந்தது என்று காகிதத்தில் வரைந்தும் காட்டினாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். ஒரு நாளைக்கு எத்தனை வீடியோ பார்ப்பீர்கள் என்று கேட்டார். எண்ணுவதில்லை, நூற்றுக்கணக்கில் இருக்கும் என்றாள். அவர் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். "இத்தனைக்கு நடுவுல, இத்தனை மாசம் கழிச்சி, இந்த ஒரு குளவிக்கூடு மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருக்கு. அப்படித்தானே?"

"இது மட்டும் இல்லைங்க. எல்லாமே ஞாபகம் இருக்குதுங்க."

"எல்லாம்னா?"

அவள் சொல்லத் தொடங்கினாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அன்று அந்த வீடியோவுக்கு முன்னால் வந்தது ஓர் அப்பா மகனைப் பெல்ட்டால் அடித்தது. பையன் பச்சைச் சட்டை, காலரில் பட்டன் இல்லை. முகம் தெளிவாக இல்லாததால் அதை இருக்கவிட்டாள். அதற்கு முன்னால் கல்யாணமாகி இரண்டு மாதமான ஒரு பெண், தூக்குப் போடுவதற்கு முன் போனை அலமாரியில் சாய்த்து வைத்துப் பேசியது. அலமாரியில் ஒரு குங்குமச் சிமிழ், ஒரு தலைவலித் தைலம். இந்த வீடியோவுக்குப் பின்னால் வந்தது ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசியது. ஒரு தெரு ஜனங்களை வீட்டோடு வைத்துக் கொளுத்த வேண்டும் என்றார். அவள் எடுக்கப் போனாள். அதற்குள் அது அவளிடமிருந்து வாங்கப்பட்டது. மறுநாள் பார்த்தபோதும் அது அப்படியேதான் இருந்தது. அதற்கு அடுத்து...

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது அவளை நிறுத்த வேண்டும் என்று எனக்கு இருந்தது. மூன்று வருஷமாக என் தலைக்கு மேலே இதுதான் நடந்திருக்கிறது. நான் இவளிடம் சேலையைக் காட்டி, சர்க்கரை போதுமா என்று கேட்டிருக்கிறேன். வாய்வார்த்தைக்கு உதவாதவள் என்று பேசியிருக்கிறேன்.

"போதும்மா" என்றார் அதிகாரி. அவள் உடனே நிறுத்தினாள். பாதி வாக்கியத்தில்.

சாட்சி சொன்ன இரண்டாம் நாள் காலை அவளுடைய வேலைக் கணக்கு கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. யாரும் போன் செய்யவில்லை, கடிதம் போடவில்லை. நாங்கள் பயந்த வழக்கும் வரவில்லை. வந்தது வேறு. இப்படி ஒருவர் எங்களிடம் எப்போதும் வேலை செய்ததில்லை என்று பெரிய கம்பெனி தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எழுதியிருந்தது. வக்கீல் சார் அவளுடைய பதினோரு பக்கத்தைக் கொண்டுபோய் அந்தக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். உத்தரவு வர ஐந்து மாதம் ஆயிற்று. தொழிலாளிதான் மூடியைக் கழற்றினார் என்பதை முதலாளி நிரூபிக்கவில்லை என்று அஞ்சலை பக்கம் உத்தரவானது. என் கணவரின் கணக்கு இன்றுவரை திறக்கவில்லை. அவரும் மறுபடி தொடங்கவில்லை.

மாடிப் பெண் உத்தரவு வரும்வரை இருக்கவில்லை. சாட்சி சொன்ன அந்த மாதக் கடைசியிலேயே அவள் அப்பா வந்து சாமான்களை வேனில் ஏற்றினார். என்ன நடந்தது என்று அவரிடம் அவள் சொல்லியிருக்கவில்லை. வேலை பிடிக்கவில்லையாம் என்றார் என்னிடம்.

வேன் கிளம்பும் முன் அஞ்சலை வந்தாள். வீடியோவை நீக்கியது இவள்தான் என்பது விசாரணையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. என்ன கேட்கப்போகிறாளோ என்று பயந்தேன். மாடிப் பெண் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அஞ்சலை அவளைப் பார்த்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு கண்ண இருட்டிக்கிட்டு வந்ததுதான் தெரியும். மத்தது ஒண்ணும் தெரியாது. யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீ ஆறு தடவை பாத்தியாமே. அதுல நான் ரொம்ப கத்துனேனாம்மா?"

அவள் அஞ்சலையின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"இல்லைங்க. நீங்க கத்தவே இல்லை. உங்களுக்கு அந்தாண்ட பக்கம் ஒரு பொண்ணு நின்னுது, நீல தாவணி. அது உங்களைப் புடிக்கறதுக்கு மெஷினுக்கு மேல கையை நீட்டுது. நீங்க அதைப் பாத்து, கிட்ட வராதடி, கையை எடுடின்னு சொல்றீங்க. நாலு தடவை சொல்றீங்க. அது கையை எடுத்தப்பறந்தான் உக்காந்தீங்க."

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"அப்படியா சொன்னேன்" என்றாள் அஞ்சலை.

"ஆமாங்க" என்றாள் அவள். "நல்லா தெளிவா கேக்குது."

அஞ்சலை வலது கையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து, முதல் தடவையாக நாங்கள் எல்லோரும் பார்க்கும்படி முட்டிமேல் வைத்துக்கொண்டாள்.